நாள் குறித்து வைக்கும் ஸ்டென்ட்: மாரடைப்பு ஆபத்தைக் குறைக்க முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

மாரடைப்போடு வருபவருக்கு நடுராத்திரியில் வைக்கும் ஸ்டென்ட் (அடைத்த இதயக் குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக் குழாய்) உயிரைக் காப்பாற்றுகிறது; அதில் இரண்டு கருத்து இல்லை. நாள் குறித்து, இன்சூரன்ஸ் அனுமதி வாங்கி, காலையில் வெறும் வயிற்றோடு போய் வைத்துக்கொள்ளும் ஸ்டென்ட்டின் கணக்கு வேறு. மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுகுகிறது, நின்றால் சரியாகிறது, பல மாதமாக இப்படியேதான் இருக்கிறது என்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் அது வைக்கப்படுகிறது. அன்று காலை அவருக்கு மாரடைப்பு இல்லை. சிகிச்சை நடக்கும்போதோ அடுத்த 48 மணி நேரத்திலோ இதயத் தசை சேதமானால், அநேகமாக அது சிகிச்சையின் விளைவு.

இந்த ஆபத்து பெரியதல்ல, ஆனால் பூஜ்யமும் அல்ல. அதில் ஒரு நல்ல பங்கு கேத் லேப் (ஸ்டென்ட் வைக்கும் அறை) கதவு திறப்பதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது: ஸ்டென்ட் தேவையா என்ற முடிவு, மாத்திரைகள் சரியான நேரத்தில் உள்ளே போனதா என்பது, அடைப்பின் தன்மைக்கேற்ற திட்டம். எனவே நோயாளியும் வீட்டாரும் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

நாள் குறித்தபின் வலி மாறினால்

தேதிக்குக் காத்திருக்கும்போது வலியின் போக்கு மாறினால் அது இனி நாள் குறித்த கேஸ் அல்ல. முன்பு இரண்டு மாடி ஏறினால் வந்த வலி இப்போது குளியலறைக்குப் போனாலே வருகிறது, சும்மா உட்கார்ந்திருக்கும்போது வருகிறது, தூக்கத்தில் எழுப்புகிறது என்றால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். 'வியாழக்கிழமை அட்மிஷன்தானே, அதுவரை தள்ளுவோம்' என்று இருந்துவிடக் கூடாது.

எதற்காக வைக்கிறோம் என்ற கேள்வி

ஆபத்தைக் குறைக்க மிக உறுதியான வழி, தேவையில்லாத ஸ்டென்ட்டைத் தவிர்ப்பது. 'அடைப்பு 80 சதவீதம், எப்போது வேண்டுமானாலும் அட்டாக் வரலாம், உடனே வைத்துவிடுங்கள்' என்ற பயம்தான் பல குடும்பங்களில் முடிவெடுக்கிறது. நிலையான நெஞ்சுவலியில் ஆராய்ச்சிகள் சொல்வது வேறு. 2007-இல் வெளியான கரேஜ் ஆய்வில் 2,287 பேர் இருந்தார்கள்; நல்ல மருந்து சிகிச்சையோடு ஸ்டென்ட்டையும் சேர்த்ததால் மரணமோ மாரடைப்போ குறையவில்லை. 2020-இல் வெளியான இஸ்கீமியா ஆய்வு இன்னும் பெரியது: இந்தியா உட்பட 37 நாடுகள், 5,179 பேர். அதில் மரணம், மாரடைப்பு, இதயக் கோளாறுக்காக மருத்துவமனையில் சேர்வது முதலியவற்றை ஒன்றாக எண்ணினார்கள். முதல் 6 மாதத்தில், ஆஞ்சியோவும் (சாயம் செலுத்தி இதயக் குழாய்களைப் படம் எடுப்பது) தேவைப்பட்டால் ஸ்டென்ட் அல்லது பைபாஸும் என்று போன அணியில் 5.3 சதவீதம், மருந்தோடு தொடங்கிய அணியில் 3.4 சதவீதம். சிகிச்சையின்போது வந்த மாரடைப்புகள்தான் அந்த வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம். 5 ஆண்டு முடிவில் கணக்கு திரும்பி 16.4, 18.2 என்று நின்றது. தானாக வரும் மாரடைப்பு முதல் அணியில் குறைவு. மொத்தத்தில் இரு அணிக்கும் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை, மரணத்திலும் இல்லை.

ஸ்டென்ட் வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. அடிக்கடி வலி வந்தவர்களுக்கு அந்த ஆய்விலேயே வலி நன்றாகக் குறைந்தது. 2023-இல் பிரிட்டனில் 301 பேரிடம் நடந்த ஆர்பிட்டா-2 ஆய்வில், யாருக்கு நிஜமாக ஸ்டென்ட் வைத்தார்கள், யாருக்கு வைப்பதுபோல் பாவனை செய்தார்கள் என்று நோயாளிக்கே தெரியாது. அப்படியும் நிஜ ஸ்டென்ட் வலியைக் குறைத்தது. ஆக, நிலையான நோயில் ஸ்டென்ட் வைக்க நல்ல காரணம் வலி. மெட்டோபுரோலால், அம்லோடிபின், நைட்ரேட், ரனோலசின் போன்ற மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் வலி வாழ்க்கையை முடக்குகிறது என்றால் அந்தச் சிறு ஆபத்தை ஏற்பதில் நியாயம் உண்டு. வலியே இல்லாமல் மாஸ்டர் செக்கப்பில் தெரிந்த அடைப்புக்கு வைப்பதென்றால், நிதானித்து இரண்டாவது கருத்துக் கேட்பது நல்லது.

இதயத்தின் பெரும்பகுதிக்கு ரத்தம் தரும் இடது பிரதான தமனியில் அடைப்பு இருந்தாலும், இதயம் பம்ப் செய்யும் திறன் மிகவும் குறைந்திருந்தாலும் மேற்சொன்ன கணக்கு பொருந்தாது. அப்படிப்பட்டவர்களை இஸ்கீமியா ஆய்விலேயே சேர்க்கவில்லை. சர்க்கரை நோயோடு பல தமனிகளில் அடைப்பு இருந்தால் கேள்வியே மாறுகிறது: ஸ்டென்ட்டா, பைபாஸா? 1,900 பேரிடம் நடந்து 2012-இல் வெளியான ஃப்ரீடம் ஆய்வு அவர்களுக்கு பைபாஸே மேல் என்று காட்டியது. இந்த நிலையில் இதய அறுவை நிபுணரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

நம் ஊரில் அடிக்கடி நடப்பது இது. ஆஞ்சியோகிராம் மட்டும் என்று உள்ளே போகிறார். அரை மணி நேரத்தில் வீட்டாரைக் கண்ணாடிக்கு அருகில் கூப்பிட்டு, திரையில் அடைப்பைக் காட்டி, 'இப்போதே வைத்துவிடலாமா?' என்கிறார்கள். நோயாளி மேசையில் படுத்திருக்கிறார், யோசிக்க ஐந்து நிமிடம்கூட இல்லை. இந்தப் பேச்சை முதல் நாளே முடித்துவிட வேண்டும். ஒரே ஒரு எளிய அடைப்பு, வலியும் இருக்கிறது என்றால் கையோடு வைத்துக்கொள்ளலாம். இடது பிரதான தமனி, மூன்று தமனி, கிளை பிரியும் இடம், சுண்ணாம்பு (கால்சியம்) கனமாகப் படிந்த அடைப்பு என்றால் படத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்து திட்டமிட்டு இன்னொரு நாள் செய்வதே மேல். 'எந்த நிலையில் கையோடு செய்வீர்கள், எந்த நிலையில் நிறுத்துவீர்கள்' என்று மருத்துவரிடம் கேட்டு, அவர் சொல்வதை வீட்டில் ஒருவர் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடைப்பு 50-க்கும் 70 சதவீதத்துக்கும் நடுவில் தெரிந்தால், அழுத்தக் கம்பியால் எஃப்எஃப்ஆர் (அடைப்பைத் தாண்டி ரத்தம் எவ்வளவு போகிறது என்ற அளவு) அளக்கச் சொல்லலாம். 0.80-க்கு மேல் இருந்தால் அந்த அடைப்பு ரத்த ஓட்டத்தைப் பெரிதாகத் தடுக்கவில்லை. பொதுவாக அங்கே ஸ்டென்ட் தேவையில்லை.

சேதம் எப்படி ஏற்படுகிறது

பலூன் விரியும்போது கொழுப்புப் படிவு அழுந்திப் பக்கவாட்டில் நகர்கிறது. அது பக்கத்துக் கிளைத் தமனியின் வாயை அடைத்துவிடுவது மிகச் சாதாரணமான காரணம். கிளை 2 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ விட்டம் உள்ளதென்றால் பெரும்பாலும் அதற்குள்ளும் ஒரு கம்பியைப் போட்டு வைத்துக்கொள்வார்கள். மூடினால் வழி தெரிய வேண்டும் அல்லவா. இரண்டாவது, படிவின் துகள்களும் சிறு ரத்தக் கட்டிகளும் கீழே போய் நுண்குழாய்களில் சிக்குவது. பெரிய குழாய் படத்தில் திறந்திருக்கும், ஆனால் சாயம் நகராது. இதற்கு அடினோசின், நிகோராண்டில், வெரபாமில் போன்றவற்றை நேராகத் தமனிக்குள்ளேயே செலுத்துவார்கள். மூன்றாவது, குழாயின் உள்சுவர் கிழிவது. பெரும்பாலும் இன்னொரு ஸ்டென்ட்டால் மூடிவிடலாம். குழாய் சுருங்கிக்கொள்வது, புது ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைவது, குழாயில் ஓட்டை விழுவது எல்லாம் அரிது. உடனே பைபாஸுக்கு ஓட வேண்டிய நிலை 100-இல் ஒருவருக்கும் குறைவு.

யாருக்கு ஆபத்து கூடுதல்? வயதானவர்கள், சர்க்கரை அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், நீளமான அடைப்புக்கு இரண்டு மூன்று ஸ்டென்ட் தேவைப்படுபவர்கள், சுண்ணாம்பு படிந்த குழாய் உள்ளவர்கள், பழைய பைபாஸில் காலிலிருந்து எடுத்து ஒட்டிய சிரையில் அடைப்பு வந்தவர்கள். கடைசியாகச் சொன்ன சிரைகளில் படிவு பொலபொலவென்று உதிரும் தன்மை கொண்டது; துகள் பிடிக்கும் வடிகட்டி போடுவீர்களா என்று கேட்பது பொருத்தமான கேள்வி.

சுண்ணாம்பு கனமாக இருந்தால் சாதாரண பலூன் போதாது. ரோட்டாப்ளேட்டர் என்ற வைர முனைத் துளைப்பானோ அதிர்வலை பலூனோ தேவைப்படலாம். இதைத் தயார் செய்யாமல் ஸ்டென்ட்டை உள்ளே தள்ளினால் அது முழுதாக விரியாமல் நிற்கும். பின்னால் அதில் ரத்தம் உறைய அதுவே காரணமாகும். குழாய்க்கு உள்ளிருந்தே படம் எடுக்கும் ஐவஸ், ஓசிடி இரண்டும் இங்கே காசுக்குத் தகுந்த வேலை செய்கின்றன. கொரியாவில் 1,639 பேரிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், சிக்கலான அடைப்புகளில் இப்படி உள்படம் பார்த்துச் செய்தபோது ஸ்டென்ட் வைத்த தமனியில் பின்னாளில் வரும் கோளாறுகள் 12.3 சதவீதத்திலிருந்து 7.7 ஆகக் குறைந்தன. உங்கள் அடைப்பு சிக்கலானது என்று சொன்னால், அந்த மருத்துவமனையில் இந்த வசதி இருக்கிறதா, காப்பீட்டில் சேருமா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். மேசையில் படுத்தபின் கேட்க முடியாது.

முதல் நாளும் அன்று காலையும்

உடன் கொண்டுபோக வேண்டியவை: எல்லா மாத்திரை அட்டைகளும் (சித்த, ஆயுர்வேத மருந்துகளும் சேர்த்து), பழைய இசிஜி, எக்கோ, ஆஞ்சியோ சிடி, கிரியாட்டினின், ஹீமோகுளோபின், பிளேட்லெட் அறிக்கைகள். பழைய இசிஜி இல்லாவிட்டால் பிறகு வரும் மாற்றம் புதிதா பழையதா என்று சொல்வது கடினம்.

ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மருந்துகள் வேண்டும். முதலாவது ஆஸ்பிரின்; அதை ஏற்கெனவே சாப்பிடுபவர்கள் அன்றும் விடக் கூடாது. சாப்பிடாதவர்களுக்கு முதல் தடவையாக 150 முதல் 325 மி.கி. வரை கொடுப்பார்கள். இரண்டாவது மருந்து, நாள் குறித்த சிகிச்சையில் வழக்கமாக குளோபிடோக்ரெல்: தொடக்க அளவு 600 மி.கி., அதாவது 75 மி.கி. மாத்திரையில் எட்டு. ஒரே வாயில் எட்டு மாத்திரை கொடுக்கிறார்களே என்று பதற வேண்டாம், அளவு அதுதான். 300 மி.கி. கொடுத்தால் முழு வேலை செய்ய குறைந்தது 6 மணி நேரம் ஆகும்; 600 அதைவிடச் சீக்கிரம். பல நாளாகத் தினமும் 75 எடுத்து வருபவருக்கு மறுபடி தொடக்க அளவு வேண்டுமா என்பது மருத்துவர் முடிவு. மாத்திரை போட்ட சிறிது நேரத்தில் வாந்தி எடுத்தால் கட்டாயம் நர்ஸிடம் சொல்லுங்கள். கூச்சப்பட்டுச் சொல்லாமல் விட்டால், மருந்தே உள்ளே இல்லாமல் ஸ்டென்ட் வைப்பதாகிவிடும்.

'டிக்காகிரலர் இன்னும் பவர்ஃபுல், அதைக் கொடுக்கச் சொல்லுங்கள்' என்று தெரிந்தவர்கள் ஆலோசனை சொல்வார்கள். மாரடைப்பு கேஸில் அது சரி. நாள் குறித்த கேஸில் 2020-இல் வெளியான ஆல்ஃபியஸ் ஆய்வு இரண்டையும் ஒப்பிட்டது. சிகிச்சை நேர மாரடைப்பு குறையவில்லை, சிறு ரத்தக்கசிவுதான் கூடியது.

வயிற்றுக்கு என்று தரும் மாத்திரையையும் பாருங்கள். ஒமெப்ரசோல், எசோமெப்ரசோல் இரண்டும் குளோபிடோக்ரெலின் வேலையைக் குறைக்கும். பான்டோப்ரசோல் பரவாயில்லை.

கொலஸ்ட்ரால் மருந்தான ஸ்டாட்டினை நிறுத்தவே கூடாது. ரோமில் 153 பேரிடம் நடந்து 2004-இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், முன்கூட்டி 7 நாள் அட்டோர்வாஸ்டாட்டின் 40 மி.கி. எடுத்தவர்களில் 5 சதவீதத்துக்கும், எடுக்காதவர்களில் 18 சதவீதத்துக்கும் சிகிச்சை நேர மாரடைப்பு வந்தது. பின்னால் வந்த எல்லா ஆய்வுகளும் இந்த அளவுக்குப் பலன் காட்டவில்லை. ஆனாலும் எப்படியும் ஆயுளுக்கும் வேண்டிய மருந்தைச் சில நாள் முன்னதாகத் தொடங்குவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

பிபி மாத்திரை, பீட்டா பிளாக்கர் எல்லாம் மருத்துவர் வேண்டாம் என்று சொன்னாலொழிய, வெறும் வயிறாக இருந்தாலும் ஒரு வாய் தண்ணீரில் போட வேண்டும். மெட்ஃபார்மின், இன்சுலின், டபாக்ளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மருந்துகள் பற்றித் தனித்தனியாகக் கேளுங்கள்; சிறுநீரக நிலையைப் பொறுத்து பதில் மாறும். வார்ஃபரின் போன்ற ரத்த உறைதடுப்பு மருந்து சாப்பிட்டால் அதை ஒரு வாரம் முன்பே சொல்ல வேண்டும். இறால், மீன் அலர்ஜி இருப்பவருக்குச் சாயம் ஆகாது என்பது வெறும் நம்பிக்கை. முன்பு ஸ்கேன் அல்லது ஆஞ்சியோ சாயத்துக்கே தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் மட்டும் முன்னேற்பாடாக ஸ்டீராய்டு தேவைப்படும்.

இன்னொன்று, பலர் சொல்ல மறப்பது: அடுத்த 6 மாதத்துக்குள் மூட்டு மாற்று, குடலிறக்கம், கண்புரை, பல் பிடுங்குவது என்று ஏதாவது இருக்கிறதா? அல்சர் ரத்தம், கறுப்பு மலம், காரணம் தெரியாத ரத்தசோகை உண்டா? இரண்டு ரத்த மருந்துகளை மாதக்கணக்கில் சாப்பிட முடியாதவருக்கு ஸ்டென்ட் வைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தப்புக் கணக்கு.

மேசையில்

பெரும்பாலும் மணிக்கட்டு வழியாக, லேசான மயக்கத்தோடு அல்லது முழு விழிப்போடு நடக்கும். ரத்தம் உறையாமல் இருக்க ஊசியில் தரும் ஹெப்பாரின் எடைக்கேற்ப கிலோவுக்கு 70 முதல் 100 யூனிட். எடையைச் சரியாகச் சொல்லுங்கள், ஊகமாக அல்ல. பலூன் விரியும் சில வினாடிகளில் நெஞ்சில் வழக்கமான அந்த இறுக்கம் வரலாம். ரத்த ஓட்டத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்துவதால் வருவது அது. பலூன் சுருங்கியதும் போய்விட வேண்டும். போகாமல் நின்றாலோ, மூச்சு வாங்கினாலோ, தாடைக்கும் கைக்கும் பரவினாலோ பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காதீர்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள். கிளை மூடியிருக்கிறதா என்று மறுபடி பார்க்க மருத்துவருக்கு அது நேரடிச் செய்தி.

ட்ரோபோனின் அறிக்கையைப் படிப்பது

இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் ஏறும் புரதம்தான் ட்ரோபோனின். சிகிச்சைக்கு முன் ஒரு ட்ரோபோனின் பரிசோதனையும், முடிந்து 3 முதல் 6 மணி நேரத்தில் இன்னொன்றும் எடுத்தால்தான் ஒப்பிட முடியும். ஸ்டென்ட் வைத்தபின் ட்ரோபோனின் கொஞ்சம் ஏறுவது மிகச் சகஜம். அறிக்கையில் சிவப்பு எழுத்தைப் பார்த்து 'அட்டாக் வந்துவிட்டது' என்று முடிவு கட்ட வேண்டாம்.

2018-இன் உலகளாவிய வரையறைப்படி, தொடக்கத்தில் இயல்பாக இருந்தவருக்கு 48 மணி நேரத்துக்குள் ட்ரோபோனின் அந்த லேபின் மேல் வரம்பைப்போல் 5 மடங்கைத் தாண்ட வேண்டும். அது மட்டும் போதாது. இசிஜியில் புது மாற்றம், எக்கோவில் புதிதாக ஒரு பகுதி அசையாமல் இருப்பது, அல்லது கிளை மூடியது போன்ற ஆஞ்சியோ ஆதாரம் ஒன்றாவது சேர வேண்டும். உதாரணமாக, மேல் வரம்பு 14 உள்ள உயர்நுட்ப ட்ரோபோனின்-டி பரிசோதனையில் 5 மடங்கு 70. மறுநாள் 45 வந்து, வலி இல்லை, இசிஜி பழையபடி இருக்கிறது என்றால் அது சிறு தசைச் சேதம், மாரடைப்பு அல்ல. 300 வந்து இசிஜியும் மாறியிருந்தால் அது மாரடைப்புதான். எக்கோ பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பச் சம்மதிக்காதீர்கள். ட்ரோபோனின்-ஐ பரிசோதனைக்கு வரம்பு வேறு, எனவே ஒரு லேபின் எண்ணை இன்னொரு லேபின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு முதலிலேயே எண் உயர்ந்திருக்கும். அவருக்கு 20 சதவீதத்துக்கு மேல் ஏற்றமும் வேண்டும், 5 மடங்கையும் தாண்ட வேண்டும்.

வீட்டுக்கு வந்தபின்

ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைவது இன்றைய மருந்து பூசிய ஸ்டென்ட்களில் முதல் ஆண்டில் 100-இல் ஒருவருக்கும் குறைவு. ஆனால் வந்தால் அது பெரிய மாரடைப்பாகவே வரும், அதிகமும் முதல் 30 நாளில். மாத்திரையைத் தன்னிஷ்டத்துக்கு நிறுத்துவது அதன் முக்கியக் காரணங்களில் ஒன்று. நாள் குறித்த ஸ்டென்ட்டுக்கு வழக்கமாக இரண்டு மருந்தும் 6 மாதம். ரத்தக்கசிவு ஆபத்து அதிகமானவர்களுக்கு 1 முதல் 3 மாதம் என்று மருத்துவர் குறைக்கலாம். பிறகு ஒன்று மட்டும் தொடரும்.

நம் கடைகளில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், ஸ்டாட்டின் மூன்றும் ஒரே கேப்ஸ்யூலில் கிடைக்கிறது. வசதிதான், ஆனால் இரண்டு விதமாகக் கோளாறு செய்யும். 'கொலஸ்ட்ரால் மாத்திரை உடம்பு வலிக்கிறது' என்று அதை நிறுத்துபவர் ரத்த மருந்து இரண்டையும் சேர்த்தே நிறுத்திவிடுகிறார். இன்னொருவர் பழைய அட்டையில் தனி ஆஸ்பிரினும் புது அட்டையில் இதையும் போட்டு இரட்டை அளவு சாப்பிடுகிறார். டிஸ்சார்ஜ் அன்றே எல்லா அட்டைகளையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் என்ன மருந்து, எத்தனை மி.கி. என்று பார்த்து, பழையதை அப்புறப்படுத்துங்கள். ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் போடலாம்; மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம். மூட்டு வலிக்குக் கடையில் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வாங்கக் கூடாது, பாராசிட்டமால் போதும். விரதம், நோன்பு, சபரிமலைப் பயணம் எதுவானாலும் மாத்திரை நேரத்தை மாற்றலாம், மாத்திரையை விடக் கூடாது. பயணத்துக்குக் கூடுதலாகச் சில நாள் மருந்து கையில் இருக்கட்டும்.

நெஞ்சில் இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் வந்தால் 'கேஸ் பிடித்திருக்கும்' என்று ஓமத் தண்ணீரும் சோடாவும் கொடுத்து நேரத்தைக் கடத்த வேண்டாம். உட்கார வைத்து, மருத்துவர் தந்திருக்கும் சார்பிட்ரேட் 5 மி.கி. ஒன்றை நாக்கடியில் வையுங்கள். கடந்த 24 மணி நேரத்தில் சில்டெனாஃபில் அல்லது 48 மணி நேரத்தில் டடாலாஃபில் எடுத்திருந்தால் வைக்கக் கூடாது. 5 நிமிடத்தில் அடங்காவிட்டால் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. தானே வண்டி ஓட்டிப் போகக் கூடாது. கூடுமானால் கேத் லேப் 24 மணி நேரமும் இயங்கும் மருத்துவமனைக்கே போக வேண்டும். அது எது என்பதை டிஸ்சார்ஜ் அன்றே விசாரித்து வையுங்கள். ஸ்டென்ட் கார்டும் ஆஞ்சியோ சிடியும் மாத்திரைப் பெட்டியோடு ஒரே பையில் இருந்தால் அந்த நேரத்தில் தேட வேண்டியதில்லை.

பல் மருத்துவரோ வேறு அறுவை நிபுணரோ 'ஐந்து நாள் ரத்த மாத்திரையை நிறுத்திவிட்டு வாருங்கள்' என்று சொன்னால், நிறுத்தும் முன் ஸ்டென்ட் வைத்தவரிடம் கேளுங்கள். சாதாரணமாக ஒரு பல் பிடுங்குவதற்குப் பெரும்பாலும் எதையும் நிறுத்தத் தேவையில்லை. ரத்தம் நிற்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் பஞ்சைக் கடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பெரிய அறுவையாக இருந்து அவசரமில்லை என்றால் 6 மாதம் தள்ளிப்போடலாம். தள்ள முடியாததென்றால், குளோபிடோக்ரெல்லை மட்டும் நிறுத்தி ஆஸ்பிரினைத் தொடர முடியுமா என்பதை இரண்டு மருத்துவர்களும் பேசி முடிவெடுக்கட்டும்.